மெக்கார்த்தியைக் கவிழ்த்தது எட்டுப் பேரா, 208 பேரா?

செங்கோல்:
"மெக்கார்த்தியைப் பழமைவாதிகள் கவிழ்த்தார்கள், மிதவாதிகள் கடைசிவரை காப்பாற்றப் பார்த்தார்கள்" என்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர் கெவின் மெக்கார்த்தி பதவி இழந்ததைப் பற்றிப் போன இழையில் கணக்கர் எழுதியிருந்தார். இரண்டும் அவருடைய கட்சிக்குள்ளேயே இருக்கும் அணிகள். அதற்கு நாலு பேர் "சபாஷ்" வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழை.

2023 அக்டோபர் 3 அன்று அவரை நீக்க நடந்த வாக்கெடுப்பு 216-210. அந்த 216இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் 8, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 208. பழமைவாதிகளில் பெரிய தலையான ஜிம் ஜோர்டன் அன்று யார் பக்கம்? மெக்கார்த்தி பக்கம். அதே அணியின் மார்ஜரி டெய்லர் கிரீன்? மெக்கார்த்தி பக்கம். ஜனவரி சபாநாயகர் தேர்தலில் மெக்கார்த்தியோடு கடைசிச் சுற்றுவரை மல்லுக்கு நின்ற லாரன் போபர்ட்கூட அன்று அவரை நீக்க ஓட்டுப் போடவில்லை. 221 பேர் கொண்ட கட்சியில் 8 பேரைக் காட்டி ஒரு அணி மேலேயே பழி போடுவது அபாண்டம். 8 பேரால் 216 ஆகாது.

கணக்கர்:
எழுதியது நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளுங்கட்சி சபாநாயகருக்கு எதிராக ஓட்டுப் போடுவதில் என்ன செய்தி இருக்கிறது? ஜனவரியில் 15 சுற்றிலும் அவர்கள் தங்கள் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரிஸ் பெயரைத்தான் சொன்னார்கள். மாறாத எண்ணைக் காரணம் என்று சொல்ல முடியாது. மாறியது எது என்று பாருங்கள்.

அந்த எட்டில் கேட்ஸ், பிக்ஸ், கிரேன், குட், ரோசன்டேல் ஐந்து பேரும் ஜனவரி 15ஆவது சுற்றில் யாருக்கும் ஓட்டுப் போடாமல் "ஆஜர்" என்று மட்டும் சொல்லி வழிவிட்டவர்கள். 216-212 என்று மெக்கார்த்தி ஜெயித்தது அதனால்தான். அதற்குக் கொடுத்த விலை இரண்டு. ஒன்று, ஒரே ஒரு உறுப்பினர் நினைத்தால் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை: எந்த மசோதா எந்த விதிப்படி சபைக்கு வரும் என்று முடிவு செய்யும் ரூல்ஸ் கமிட்டியில் பழமைவாதிகள் சிப் ராய், ரால்ஃப் நார்மன், தாமஸ் மாஸி மூவருக்கும் இடம். அந்தக் கமிட்டியில் 13 பேர், ஆளுங்கட்சி 9, எதிரணி 4. மூவரும் எதிரணி நால்வரோடு சேர்ந்தால் 7-6, மசோதா சபைக்கே வராது. 2023 மே 30 அன்று கடன் உச்சவரம்பு மசோதாவை ராயும் நார்மனும் எதிர்த்தார்கள், மாஸி கூட நின்றதால் 7-6 என்று தப்பியது.

கமிட்டியைத் தாண்டினாலும் விவாத விதித் தீர்மானத்தைச் சபை ஏற்க வேண்டும். ஜூன் 6 அன்று சொந்தக் கட்சிப் பழமைவாதிகள் 11 பேர் அதையும் எதிர்த்துத் தோற்கடித்தார்கள், 2002க்குப் பிறகு முதல் முறையாக. அந்த வழி அடைபட்டால் மிச்சம் இருப்பது விதிகளை நிறுத்திவைத்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் நிறைவேற்றுவது. அதற்கு எதிரணி ஓட்டு இல்லாமல் நடக்காது. செப்டம்பர் 30 அன்று 45 நாள் இடைக்கால நிதி மசோதா 335-91 என்று போனது அப்படித்தான். அதில் ஜனநாயகக் கட்சி ஓட்டு 209, சொந்தக் கட்சி ஓட்டு 126. "ஏன் எதிரணியோடு சேர்ந்தாய்" என்று மூன்றாம் நாளே தலையை எடுத்தார்கள். கதவைப் பூட்டியதும் அவர்கள், ஜன்னல் வழியாகப் போனவனைத் திருடன் என்றதும் அவர்கள்.

செங்கோல்:
நீளமாக எழுதினால் கணக்கு மாறிவிடாது. ஐந்து பேர் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். மீதி மூன்று பேர் எங்கே? நானே சொல்கிறேன்: நான்சி மேஸ், கென் பக், டிம் பர்செட். மூவரும் ஜனவரியில் மெக்கார்த்திக்கு ஓட்டுப் போட்டவர்கள். இந்த மூன்று பேர் அக்டோபரில் மாறாமல் இருந்திருந்தால் 213-213. சமநிலை என்றால் தீர்மானம் தோல்வி. ஆக, உங்கள் ஐவரால் மெக்கார்த்தியின் நாற்காலியை அசைக்கக்கூட முடிந்திருக்காது.

இப்போது மேஸ் யார் என்று சொல்லுங்கள். 2022 ஜூலையில் கருத்தடை உரிமை மசோதாவுக்கு ஓட்டுப் போட்ட எட்டே எட்டு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவர். ஒருபாலினத் திருமண மசோதாவுக்கும் ஓட்டுப் போட்டவர். அதே 2022இல் டிரம்ப் ஆதரவு பெற்ற போட்டியாளரைத் தோற்கடித்துத்தான் வேட்பாளரானார். அன்றைக்கு உங்கள் அணி அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அக்டோபர் 3 அன்று மட்டும் அவர் பழமைவாதியா?

கணக்கர்:
மெக்கார்த்தி போனபின் அக்டோபர் 17, 18, 20 தேதிகளில் நடந்த புது சபாநாயகர் தேர்தலில் மூன்று சுற்றிலும் ஜோர்டனுக்கு ஓட்டுப் போட்டவர் மேஸ். மிதவாதி செய்கிற வேலையா அது? கென் பக் அன்று ஃப்ரீடம் காக்கஸ் என்ற பழமைவாதக் குழுவின் உறுப்பினர், அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

செங்கோல்:
பக் ஜோர்டனுக்கு ஓட்டே போடவில்லை ஐயா! மூன்று சுற்றிலும் போடவில்லை. 2020 தேர்தல் முடிவை ஜோர்டன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஜோர்டனுக்குப் போட்டால் பழமைவாதி என்ற உங்கள் அளவுகோலை வைத்தே பக் அந்தப் பக்கம் வரமாட்டார். ஒரே மூச்சில் இரண்டு அளவுகோலை எடுக்காதீர்கள். மேஸ் எந்தப் பக்கம்?

ஏட்டுச்சுவடி:
இருவரும் ஒருவர் போதும் என்ற விதி ஏதோ 2023இல் பிறந்தது போல் பேசுகிறீர்கள், தவறு. அதற்கு முன்பும் ஒரு உறுப்பினர் போதும் என்றுதான் இருந்தது. 2019இல் ஜனநாயகக் கட்சி சபாநாயகர் பெலோசி காலத்தில்தான் கட்சிக் குழுவே சொன்னால் ஒழியக் கொண்டுவர முடியாது என்று மாற்றினார்கள். 2015 ஜூலையில் மார்க் மெடோஸ் தனியாளாகத்தான் தன் கட்சி சபாநாயகர் போய்னருக்கு எதிராகத் தீர்மானம் கொடுத்தார். வாக்கெடுப்புக்கே வரவில்லை, ஆனால் செப்டம்பரில் போய்னர் விலகுவதாக அறிவித்துவிட்டார்.

1910 மார்ச்சில் குடியரசுக் கட்சி சபாநாயகர் ஜோ கேனனிடமிருந்து ரூல்ஸ் கமிட்டியைப் பறித்தது ஜார்ஜ் நாரிஸ் தலைமையிலான சொந்தக் கட்சி முற்போக்காளர்கள், ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து, 191-156. உடனே கேனன் "என்னை நீக்குங்கள் பார்க்கலாம்" என்று தானே கேட்டு வாங்கினார். அந்த நீக்கத் தீர்மானம் 155-192 என்று தோற்றது. அதிகாரத்தைப் பிடுங்குவது வேறு, ஆளை நீக்குவது வேறு என்று அன்றைக்குத் தெரிந்திருந்தது.

செங்கோல்:
நன்றி ஏட்டுச்சுவடி. சொந்தக் கட்சித் தலைவருக்கு எதிராக எதிரணியோடு கைகோர்ப்பதைத் தொடங்கி வைத்தது எந்த அணி என்று இப்போது தெரிகிறது.

ஏட்டுச்சுவடி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் எழுத்தை உங்கள் வண்டியில் பூட்டாதீர்கள்.

நிலவொளி:
செங்கோல் சார், மிதவாதிகளை ஏதோ பெரிய சூழ்ச்சிக்காரர்கள் போலக் காட்டுகிறீர்கள். அவர்களுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது, எனக்குக் கோபமே அதில்தான். 2018இல் குடியரசுக் கட்சி மிதவாதிகள் கர்பெலோ, டென்ஹாம், ஹர்ட் மூவரும் குடியேற்றப் பிரச்சினைக்கு டிஸ்சார்ஜ் பெட்டிஷன் எடுத்தார்கள். கமிட்டியில் கிடக்கும் தீர்மானத்தைத் தலைமையைக் கேட்காமல் சபைக்கு இழுக்கும் வழி அது. 218 கையெழுத்து வேண்டும், சேர்ந்தபின் ஏழு சபை நாட்கள் காத்திருக்க வேண்டும். 216 வரை வந்தது. இரண்டே கையெழுத்து! யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பெயரோடு வெளியே தெரியும், ஆகவே தலைமைக்கு எல்லோரையும் மடக்க வேண்டியதில்லை, கடைசி இரண்டு பேரைத் தடுத்தால் போதும். அதற்குப் பதில் இரண்டு மசோதா வாக்கெடுப்புக்கு வரும் என்று தலைமை வாக்குக் கொடுத்தது. ஒன்று 193-231, இன்னொன்று 121-301. இரண்டும் தோல்வி. நவம்பர் தேர்தலில் கர்பெலோவும் தோற்றார், டென்ஹாமும் தோற்றார்.

கணக்கர்:
2018 அல்ல இங்கே பேச்சு.

நிலவொளி:
பேச்சு மிதவாதிகள் "காப்பாற்றப் பார்த்தார்கள்" என்ற உங்கள் வாக்கியம். ஓட்டுப் போடுவது காப்பாற்றுவது ஆகாது. காப்பாற்றுவது என்றால் எதிரணியிடம் போய் ஆறேழு பேரை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

செங்கோல்:
அதைத்தான் முதலிலிருந்து கத்துகிறேன்! 2024 மே 8 அன்று கிரீன், மெக்கார்த்திக்குப் பின் சபாநாயகரான மைக் ஜான்சனுக்கு எதிராக அதே தீர்மானம் கொண்டுவந்தார். 359-43 என்று அப்படியே ஓரங்கட்டப்பட்டது. அந்த 359இல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 163 பேர். 2024இல் 163 பேரால் முடிந்தது 2023இல் ஏன் ஒருவரால்கூட முடியவில்லை? ஆகவே 208. மறுபடியும் சொல்கிறேன், 208.

கணக்கர்:
ஏன் முடியவில்லை என்றால், ஜான்சன் 2024 ஏப்ரல் 20 அன்று உக்ரைன் நிதியைச் சபைக்குக் கொண்டுவந்தார். 311-112. சொந்தக் கட்சியில் எதிர்த்தவர்களே அதிகம், ஆதரவு 101, எதிர்ப்பு 112. அதற்குக் கிடைத்த கூலி அந்த 163. மெக்கார்த்தி என்ன செய்தார்? நிதி மசோதாவை 209 எதிரணி ஓட்டில் நிறைவேற்றிய மறுநாளே டிவியில் உட்கார்ந்து அவர்கள் மேலேயே பழி போட்டார். பிறகு அவர்களுக்கு எதுவும் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். உதைத்த காலை யாரும் பிடித்துவிட மாட்டார்கள்.

ஜோர்டனைத் தோற்கடித்தது மிதவாதிகளின் சதி என்று அடுத்து வருவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் சொந்தக் கட்சியில் அவரை எதிர்த்தவர் 20, அடுத்து 22, கடைசியில் 25. ஏன் ஏறியது? மிரட்டலால் ஏறியது. எதிர்த்தவர்களில் டான் பேக்கன் மனைவிக்குப் பெயர் இல்லாத குறுஞ்செய்திகள் வந்தன, மில்லர்-மீக்ஸுக்குக் கொலை மிரட்டல். அந்த 25இல் நியூயார்க் மிதவாதிகள் மட்டுமா? நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டித் தலைவர் கே கிரேஞ்சரும் இருந்தார்.

செங்கோல்:
கட்சிக் கூட்டத்தில் ஸ்கலீஸ் சபாநாயகர் வேட்பாளராக 113-99 என்று ஜெயித்து மறுநாளே விலகினார், எம்மர் தேர்வான அன்றே விலகினார், ஜோர்டன் மூன்று முறை தோற்றார். 22 நாள் சபைக்குத் தலை இல்லை. இதில் முதல் இரண்டை எங்கள் அணி மேல் போடுவீர்கள், மூன்றாவதுக்கு மட்டும் சாக்கு. போன இழையிலும் இதே வேலைதான், பதில் இல்லாத இடத்தில் புதுத் தலைப்பு. 213-213க்கு இன்னும் பதில் வரவில்லை. மேஸ் எந்தப் பக்கம்?

ஏட்டுச்சுவடி:
2025 ஜனவரி விதிப்படி தீர்மானம் கொண்டுவர ஆளுங்கட்சியிலேயே ஒன்பது பேர் வேண்டும். அந்த எட்டுப் பேரும் ஒன்றாக நின்றாலும் தாக்கல்கூடச் செய்ய முடியாது.

செங்கோல்:
எட்டு போதாது என்று விதியே சொல்லிவிட்டது!

கணக்கர்:
2023 அக்டோபர் 3 அன்று தீர்மானத்தை ஓரங்கட்டும் முதல் வாக்கெடுப்பு 208-218 என்று தோற்றதே, அதில் மறுத்த குடியரசுக் கட்சிக்காரர்கள் 11 பேர். டேவிட்சன், மில்ஸ், ஸ்பார்ட்ஸ் மூவரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒன்பது தாராளமாகக் கிடைத்திருக்கும்.

செங்கோல்:
அந்த மூவரும் அடுத்த வாக்கெடுப்பில் மெக்கார்த்திக்கு ஓட்டுப் போட்டார்கள். மேஸ் போடவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டது இது நான்காவது தடவை.

கணக்கர்:
முதலில் பக் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள்.