ப்ராடக்ட் ஓனர், ப்ராஜெக்ட் மேனேஜர்: வேலையில் உண்மையான வித்தியாசம் என்ன?

ஓஎம்ஆர் பயணி கேட்டது:

வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்டாக இருக்கிறேன். வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு கிளெய்ம் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். இந்த அப்ரைசலில் மேனேஜர் இரண்டு வழி காட்டினார். ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகலாம், இல்லாவிட்டால் இதே டீமுக்கு ப்ராடக்ட் ஓனர் ஆகலாம். எச்ஆர் அனுப்பிய இரண்டு ஜாப் டிஸ்கிரிப்ஷனையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் வரிசைப் பட்டியல்), கிளையன்ட் மீட்டிங், டெலிவரி, ரிப்போர்ட் என்று முக்கால்வாசி வரிகள் ஒன்றாகவே இருக்கின்றன.

"என்ன செய்வது என்று ஓனர் சொல்வார், எப்போது முடியும் என்று மேனேஜர் சொல்வார்" என்கிற வரியை யூடியூபில் நிறைய கேட்டாகிவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. வேலை நடக்கும்போது இருவரும் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்? ஏதாவது தப்பானால் யாரைக் கூப்பிடுவார்கள்? ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சர்டிஃபிகேட் பரீட்சை எழுதுவதா, ப்ராடக்ட் ஓனர்களுக்கான சிஎஸ்பிஓ எடுப்பதா என்றும் முடிவு செய்ய வேண்டும். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நொய்யல் அக்கா எழுதியது:

இரண்டிலும் இருந்திருக்கிறேன். முதலில் ப்ராஜெக்ட் மேனேஜர். இப்போது கோவையில் பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு கம்பெனியில் ப்ராடக்ட் ஓனர். பொதுவாகப் பேசினால் மறுபடியும் அந்த யூடியூப் வரியில்தான் போய் நிற்போம், அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தெரியும்தானே, வியாபாரிகள் தங்களுக்குள் போடும் பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது? 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. பிறகு 100, 50, 20, 10 கோடி என்று வரம்பு படிப்படியாக இறங்கியது. 2023 மே 10-ம் தேதி அறிவிப்பு வந்தது: ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் இருந்தாலே கட்டாயம். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அந்த வரம்பில்தான் இருந்தார்கள். மூன்று மாதம்கூட இல்லை.

எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் அன்றைக்கே ஆகஸ்ட் 1-லிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார். அரசு போர்ட்டலின் சாண்ட்பாக்ஸில், அதாவது சோதனைத் தளத்தில், டெஸ்டிங் எப்போது முடிய வேண்டும், டீலர்களுக்கு அப்டேட் எப்போது போக வேண்டும், சப்போர்ட் ஆட்களுக்கு ட்ரெயினிங் எப்போது, ஜூலையில் யார் யார் லீவு கேட்டிருக்கிறார்கள். தேதி நகராது, ஆட்கள் கூட மாட்டார்கள். அதற்குள் எதை எப்படி முடிப்பது என்பது அவர் கவலை.

நான் அந்த வாரம் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கடை கடையாக உட்கார்ந்திருந்தேன். 500 கோடி கம்பெனியில் வரிக்கென்று தனி டீம் இருக்கும். 6 கோடி டர்ன்ஓவர் உள்ள துணி வியாபாரியிடம் ஒரே ஒரு கணக்கர்தான். சாயங்காலம் லோடு ஏறிக்கொண்டிருக்கும், லாரி டிரைவர் பில்லுக்காக வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் கணக்கர் தனியாகப் போர்ட்டலைத் திறந்து, பைலை ஏற்றி, ஐஆர்என் எண்ணும் (பில்லுக்குப் போர்ட்டல் தரும் பதிவு எண்) க்யூஆர் கோடும் வாங்கி, திரும்ப வந்து பிரிண்ட் போடுவாரா? மாட்டார். பில்லை சேவ் செய்யும் அதே பட்டனில் ஐஆர்என்னும், லாரியில் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லும் சேர்ந்தே வர வேண்டும் என்று எழுதினேன். போர்ட்டல் 2150 என்று ஒரு எர்ரர் எண்ணைத் திருப்பி அனுப்பும். கணக்கருக்கு அது தெரியாது. "இந்த பில் எண்ணுக்கு ஏற்கெனவே ஐஆர்என் வாங்கியாயிற்று" என்று திரையில் தமிழில் வர வேண்டும் என்றும் எழுதினேன்.

சேல்ஸ் டீம் கேட்டது வேறு. கலர் கலராக ஒரு டேஷ்போர்டு, எக்செல்லில் மொத்தமாக அப்லோடு செய்யும் வசதி. போட்டிக் கம்பெனியில் இரண்டும் இருந்தன.

ஜூன் கடைசியில் ப்ராஜெக்ட் மேனேஜர் வந்து உட்கார்ந்தார். "இ-வே பில்லும் எக்செல் அப்லோடும் சேர்ந்து ஆகஸ்ட் 1-க்குள் வராது. ஏதாவது ஒன்றுதான். இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்." அந்தக் கணக்கை அவர் போட்டுத் தராமல் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எதை விடுவது என்று அவரால் முடிவெடுக்க முடியாது, அவரும் எடுக்கப் பார்க்கவில்லை. எக்செல்லை நான் விட்டேன். சேல்ஸ் ஹெட் என்னிடம் சத்தம் போட்டார், ப்ராஜெக்ட் மேனேஜரிடம் இல்லை. யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேட்டீர்களே, இதுதான் பதில். தேதி தவறியிருந்தால் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். தேதிக்குள் வந்தும் கடைக்காரர் அதைப் பயன்படுத்தாமல் போயிருந்தால் என்னைத்தான்.

ஆகஸ்டுக்குப் பிறகு அவர் வேறு ப்ராஜெக்டுக்குப் போய்விட்டார். அவருடைய வேலை நன்றாக முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஐஆர்என்னை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், இ-வே பில் உயிரோடு இருந்தால் அதுவும் முடியாது, ரத்து செய்த பில் எண்ணைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. கணக்கர்கள் பழைய பழக்கத்தில் அதே எண்ணில் பில்லைத் திருத்திப் போடப் பார்த்தார்கள். அதற்கு எச்சரிக்கை வைத்தோம். பிறகு 2025 ஏப்ரல் முதல் 10 கோடிக்கு மேல் உள்ளவர்கள் 30 நாளுக்குள் பில்லைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று வந்தது. அதற்கு ஒரு நினைவூட்டல். ப்ராஜெக்டுக்கு முடிவுத் தேதி உண்டு. கடைக்காரர் பில் போடும்வரை ப்ராடக்டுக்குக் கிடையாது.

திருவெறும்பூர் 71 எழுதியது:

அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நான் இன்றும் ப்ராஜெக்ட் மேனேஜர்தான், விரும்பியே இருக்கிறேன். இந்த வேலை பழசாகிவிட்டது, ஓனர் ஆனால்தான் வளர்ச்சி என்று சிலர் பேசுகிறார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பேங்க் சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை எங்களுடையது. இதில் என்ன செய்வது என்பது முதல் நாளே தெரியும். சனிக்கிழமை இரவு ஆரம்பித்து, திங்கள் காலை கிளை திறப்பதற்குள் முடிய வேண்டும். நெட்வொர்க் வெண்டர், ஸ்டோரேஜ் வெண்டர், பேங்க் ஆடிட்டர் எல்லோரும் ஒரே அட்டவணையில் வர வேண்டும். எந்த மணிக்குள் சரியாகவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்புவது என்று முன்கூட்டியே எழுதி, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இங்கே ப்ராடக்ட் ஓனருக்குப் பெரிதாக வேலை இல்லை. ஃபிக்ஸட் ப்ரைஸ் ஒப்பந்தத்தில் கிளையன்ட் புதிதாக ஒன்று கேட்டால் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டுப் பணம் வாங்குவதும் நாங்கள்தான். அதை விட்டால் டீம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வேலை பார்க்கும், கம்பெனிக்கு ஒரு பைசா வராது.

ஸ்டாண்டப் பத்துமணி எழுதியது:

ஸ்க்ரம் மாஸ்டராக இருக்கிறேன். ஸ்க்ரம் என்பது வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்து டீம் செய்யும் முறை, அது சரியாக நடக்கப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஷ்வாபரும் சதர்லாண்டும் எழுதிய ஸ்க்ரம் கைடை ஒருமுறை படித்துவிடுங்கள், சின்னதுதான், இலவசம். 2020 பதிப்பில் மூன்றே பொறுப்புகள்: ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். ப்ராஜெக்ட் மேனேஜர் என்று யாருமே இல்லை. ஓனர் ஒரே ஆள்தான், கமிட்டி கிடையாது. ஸ்பிரிண்டை, அதாவது அப்படி ஒரு சுற்றை, ரத்து செய்யும் அதிகாரமும் அவருக்கு மட்டும்தான். அவர் எடுக்கும் முடிவை மொத்த நிறுவனமும் மதித்தால்தான் அவரால் வேலை செய்ய முடியும் என்றும் அதில் இருக்கிறது. ஓஎம்ஆர் பயணி, உங்கள் இடத்தில் அந்த மரியாதை யாருக்குக் கிடைக்கிறது?

ஓஎம்ஆர் பயணி எழுதியது:

கிளையன்ட் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார், அவரும் ப்ராடக்ட் ஓனர்தான். எது முதலில், எது பிறகு என்று அவர் சொல்வதுதான் முடிவு. நான் ஓனர் ஆனால் அவர் சொல்வதை ஸ்டோரியாக (யாருக்கு என்ன வேண்டும் என்ற சின்னக் குறிப்பாக) எழுதி டீமுக்கு விளக்க வேண்டும், நம் ஊர் நேரத்தில் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார் மேனேஜர்.

நொய்யல் அக்கா எழுதியது:

அப்படியென்றால் இப்போது செய்யும் பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கே புதுப் பெயர் தருகிறார்கள். ப்ராக்ஸி ப்ராடக்ட் ஓனர் என்பார்கள். கேவலமான வேலை இல்லை, அது நன்றாக நடந்தால் டீம் நிம்மதியாக இருக்கும். ஆனால் ஒரு ஐட்டத்தை "இது வேண்டாம்" என்று உங்களால் வெட்ட முடியாவிட்டால், அடுத்த இன்டர்வியூவில் "நீங்களாக முடிவெடுத்து எதை விட்டீர்கள்?" என்று கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. நான் ஆள் எடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர் கையில் பட்ஜெட்டும் ஆள் எடுக்கும் உரிமையும் உண்மையிலேயே இருந்தால் அதை எடுங்கள். முழு அதிகாரம் உள்ள ஓனர் வேலை வேண்டுமென்றால் சொந்த ப்ராடக்ட் விற்கும் கம்பெனிக்குப் போவதுதான் நேர்வழி. உங்களுக்கு இருக்கும் கிளெய்ம் அனுபவத்துக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு.

சர்டிஃபிகேட் பற்றி. பிஎம்பி எழுத, டிகிரி இருந்தால் ப்ராஜெக்டை நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். சிஎஸ்பிஓவுக்குப் பரீட்சை இல்லை, வகுப்பில் முழுவதும் உட்கார்ந்தால் போதும். பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும் என்று நினைத்தால் பிஎஸ்பிஓ என்று இன்னொரு ப்ராடக்ட் ஓனர் சர்டிஃபிகேட் இருக்கிறது, 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் வேண்டும். எந்த வேலை என்று முடிவான பிறகு பணம் கட்டுங்கள்.

ஓஎம்ஆர் பயணி எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை மேனேஜரிடம் இரண்டே விஷயம் கேட்கப்போகிறேன். ஓனர் ஆனால் பேக்லாகிலிருந்து ஒன்றை நானே நீக்க முடியுமா? மேனேஜர் ஆனால் பட்ஜெட் ஷீட் என் கைக்கு வருமா? என்ன சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.