மறு: வெட்சூட், டிரைசூட் இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று நீர்மேல் சறுக்குவது கைட்போர்டிங். குளிர்காலத்தில் அதற்குப் போடும் உடை இரண்டு: உள்ளே தண்ணீர் புகும் இறுக்கமான வெட்சூட், தண்ணீரே புகாத டிரைசூட். நம் குளிர்காலக் கைட்போர்டிங் சொற்பட்டியலில் நான்கு நாளாக வெட்சூட்டிலேயே நிற்கிறோம். கைட்போர்டிங்குக்குப் பட்டச்சறுக்கு என்று முடிவானதில் எனக்கு முழுச் சம்மதம். எங்கள் வேலூர்ப் பக்கம் பேச்சில் காத்தாடிதான், ஆனால் காற்றாடி என்று எழுதினால் மின்விசிறியும் கூடவே வந்து நிற்கும், அதனால் பட்டமே இருக்கட்டும்.

சரி, வெட்சூட்டுக்கு வருகிறேன். இதுவரை வந்த பெயர்களில் 'ஈர உடை' எனக்குப் பிடிக்கவில்லை. ஈரத்துணி என்றால் நனைந்து வந்து மாற்றாமல் நிற்கிற துணி, "ஈரத்தோட நிக்காத, சளி பிடிக்கும்" என்று அம்மா விரட்டுகிற துணி. குளிரிலிருந்து காக்கிற உடைக்கு அந்தப் பெயரை வைத்தால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். மதுரை அம்மா தந்த 'குளிர்காப்புடை' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்வெட்டரும் குளிர்காப்புடைதான், டிரைசூட்டும் அதுதான். இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாத சொல் இந்தப் பட்டியலுக்கு உதவாது.

நாகர்கோவில் ஐயாவின் 'நீர்வெப்ப உடை'யைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். உள்ளே புகும் தண்ணீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி அதுவே போர்வையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பலரும் அப்படித்தான் விளக்குகிறார்கள், போன வாரம் வரை நானும் அதையே நம்பினேன். என் அக்கா மகன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான், அங்கே வடகடலில் பட்டச்சறுக்கு செய்பவன், பிப்ரவரியில் அந்தத் தண்ணீர் 5 டிகிரி அளவில் இருக்கும். லீவுக்குக் காட்பாடி வந்தபோது வெட்சூட் தைக்கிற அதே நுரை ரப்பரில், அதாவது நியோபிரீனில், செய்த பழைய கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தான். ஒரு பக்கெட்டில் ஐஸ் கொட்டி, ஒரு கையில் கையுறை, மறு கை வெறுங்கை, இரண்டையும் ஒன்றாக விட்டேன். வெறுங்கை அரை நிமிடத்தில் எலும்பு வரை வலித்தது, எடுத்துவிட்டேன். கையுறைக்குள் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் சிலீரென்று இறங்கி விரல் நுனி வரை ஓடியது, அதுவும் தாங்காது என்றுதான் நினைத்தேன், ஆனால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது, வலி இல்லை. அப்புறம் மணிக்கட்டு ஓரத்தை லேசாக இழுத்து விட்டேன். புதுத் தண்ணீர் புகுந்தது, மறுபடி அதே சிலீர்.

பிறகு அவன் அனுமதியோடு ஒரு கையுறையின் ஓரத்தை அறுத்து லென்ஸில் பார்த்தேன். நான் ராணிப்பேட்டையில் ஷூ வேலையில் இருப்பவன், ஷூவுக்கான ஈவா நுரை ஷீட்டை தினமும் வெட்டுகிறேன். பொருள் வேறு, உள்ளமைப்பு அதே மாதிரிதான்: மூடிய சின்னச் சின்னக் குமிழிகள், நீரில் பிழிந்தாலும் பஞ்சு போல உறிஞ்சாது. குளிரைத் தடுப்பது அந்தக் குமிழிகளில் அடைபட்ட வாயுதான். 1950களின் தொடக்கத்தில் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர், வெட்சூட்டை உருவாக்கிய ஹியூ பிராட்னர் கண்டுகொண்ட சூட்சுமம் இதுவே, உள்ளே நனைந்தாலும் பரவாயில்லை, குமிழி காக்கும் என்பது. தண்ணீர் வரலாம், ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது, அதற்காகத்தான் உடையை அவ்வளவு இறுக்கமாகத் தைக்கிறார்கள். ஆக, நீர் வெப்பம் தருவதாகச் சொல்லும் பெயர் தவறான இயற்பியலைக் கற்பித்துவிடும் ஐயா.

என் பரிந்துரை: வெட்சூட் நனையுடை, டிரைசூட் நனையா உடை.

நனையுடை வினைத்தொகை. எழுதுகோல் என்றால் கோல் தானாக எழுதுவதில்லை, அதைக் கொண்டு நாம் எழுதுகிறோம். அதேபோல நனையுடை, உடுத்திக்கொண்டு நாம் நனையும் உடை. நேற்று நனைந்ததா இன்று நனைகிறதா என்ற கேள்வியே எழாது, மூன்று காலமும் அதற்குள் அடக்கம். ஈர உடையில் இந்த வசதி இல்லை, அது இந்த நிமிடத்து ஈரத்தை மட்டும் சொல்கிறது. நனையா உடை என்பதில் உடையின் வெளிப்பக்கம் நனையத்தானே செய்கிறது என்று யாராவது கேட்கலாம். நனையாதது உள்ளே இருக்கும் ஆள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கி மூடிவிடுவதால் தண்ணீர் உள்ளே வராது, அடியில் கம்பளித் துணி போட்டுக்கொள்ளலாம். ஓர் 'ஆ' சேர்ந்ததும் எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது, கடைக்காரரும் தடுமாறாமல் சொல்வார்.

குளிர்காலப் பட்டச்சறுக்கையே 'வாடைச் சறுக்கு' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அழகான சொல், மனம் வரவில்லை விட. ராமேசுவரத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து அடிப்பது வாடைதான், அங்கே பொருந்தும். ஆனால் அந்தத் தண்ணீருக்கு நனையுடையே வேண்டாம். வடகடலிலோ குளிர்காலக் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது, அதை வாடை என்றால் நம் மீனவர்கள் ஏற்க மாட்டார்கள். 'பனிக்கால' என்று தொடங்கினாலும் சிக்கல், பனிச்சறுக்கோடு குழம்பும். குளிர்காலப் பட்டச்சறுக்கு என்று நீளமாகவே இருக்கட்டும் தம்பி.

இன்னொன்று பாக்கி. ஆபத்தில் பட்டத்தின் இழுவையைச் சட்டென்று அறுக்கும் குயிக் ரிலீஸ். குளிர்ந்த காற்று கனமானது, 0 டிகிரியில் கனமீட்டருக்கு 1.29 கிலோ, 30 டிகிரியில் 1.16 கிலோ. அதே வேகக் காற்றிலும் குளிரில் இழுவை கூடும், விரல்களோ தடித்த கையுறைக்குள் மரத்திருக்கும். அந்த நேரத்தில் கத்திச் சொல்லும் சொல்லாக அது இருக்க வேண்டும். 'அவசர விடுவிப்பு அமைப்பு' வாயில் நுழைவதற்குள் ஆள் கரையில் மோதியிருப்பார். நான் 'விடுவிசை' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், திங்களன்று பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து