மறுமொழி: கலைச்சொல் உதவி: 'கிராவல் பைக்கிங்' (வெள்ளிக்குள் வேண்டும்)

ம. எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் மாசிஃப் சென்ட்ரல் மலைப்பகுதிச் சைக்கிள் தடங்கள் பற்றிய கையேடு ஒன்று அங்குள்ள தமிழ் வாசகர்களுக்காகத் தமிழில் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்கு. 'கிராவல் பைக்', 'கிராவல் ரூட்' இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. வளைந்த கைப்பிடி, 40 முதல் 50 மி.மீ. டயர், டிஸ்க் பிரேக். தார்ச்சாலையிலும் ஓடும், மண்பாதையிலும் ஓடும். முன்னால் சஸ்பென்ஷன் வைத்த மலைச் சைக்கிளோடு இது குழம்பக் கூடாது. என் கைவசம் 'சரளைச் சைக்கிள்' இருக்கிறது. பொருந்துமா?

பு. எழுதியது:

அன்பின் ம., 'சரளை' தவறில்லை. ஆனால் 'சரளமாக' என்பதோடு ஒட்டிக்கொண்டு, வழுக்கிக்கொண்டு ஓடும் வண்டி என்ற மயக்கம் தரும். கைவசம் அருமையான சொல் இருக்க ஏன் தயங்க வேண்டும்? முரம்பு! பரல் விரவிய வன்னிலம். ஐங்குறுநூற்று முல்லையில் முரம்பு உடையத் தேர்த் திகிரி உருள்கிறது. நிலமும் சக்கரமும் ஒரே அடியில் கிடைத்துவிட்டன. 'முரம்புருளி' என்பது என் பரிந்துரை.

முரடு, முருடு, முரண் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். மராத்தியில் முரூம். ஆல்ப்ஸ் பனியாறுகள் தள்ளிக் குவித்த கல்மேட்டுக்குப் பிரெஞ்சில் மொரேன் என்கிறார்களே, அதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெ. எழுதியது:

ஐயா, மொரேன் சவோய் வட்டார வழக்கிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. உண்மையில் சுவையான பயணம் 'கிராவல்' செய்ததுதான். பழைய பிரெஞ்சில் கூழாங்கல் கரைக்கு 'கிராவ்'; அதன் சிறுமைச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'கிராவல்' ஆயிற்று; இன்று பிரெஞ்சுக்காரர்கள் அதையே ஆங்கிலத்திலிருந்து திரும்பக் கடன் வாங்கி 'கிராவல்' ஓட்டுகிறார்கள். அவர்களே வெட்கப்படாதபோது நமக்கு என்ன? தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் 'கிராவல் மண் கடத்தல்' என்றுதான் எழுதுகின்றன.

சீ. எழுதியது:

வெ. அண்ணை சொல்றது சரி. எங்கட பக்கம் 'கிரவல் வீதி' எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். முரம்புருளி எண்டு அட்டையில போட்டால் கட்டுமான இயந்திரம் எண்டு நினைப்பினம்.

வெ. எழுதியது (தொடர்ச்சி):

வண்டிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். நிலத்துக்கு ஒரே சொல்லைப் போட்டு மூடுவதுதான் ஆபத்து. கையேட்டை நம்பிப் போகிறவர் டயர் காற்றை அந்தச் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்வார்.

வடக்கே மோர்வான் பெரும்பாலும் கருங்கல் பாறை. அதன் உச்சியான ஓ ஃபொலேன் 901 மீ.தான். பாறை சிதைந்து பருமணலாகிக் கிடக்கும். மழை பெய்தாலும் நீர் சட்டென்று இறங்கிவிடும், சேறு குறைவு. ஆனால் ஈரமான பருமணல் பிரேக் கட்டையை அரைத்துவிடும். ரெசின் கட்டை மென்மையானது, நீண்ட இறக்கங்களில் விரைவில் தேயும். உலோகத்தூள் கட்டை கொஞ்சம் கத்தினாலும் தாங்கும். மரம் வெட்டும் லாரிகள் உழுத தடங்களும் அங்கே உண்டு.

தெற்கே கோஸ் மெஜான் சுமார் 1,000 மீ. உயரத்துச் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். ஃப்ளோராக்கிலிருந்து ஏறினால் மேலே போய்ச் சேர 500 மீட்டர் அளவு ஏற்றம். கற்கள் கூர்மையானவை, டயரின் பக்கச்சுவரைத்தான் கிழிக்கும். 75 கிலோ ஆள், பைகளோடு 15 கிலோ வண்டி, 45 மி.மீ. டியூப்லெஸ் டயர் என்றால் மோர்வானில் முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ போதும். கோஸில் மூன்று நான்கு கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல் விளிம்பில் ரிம் அடிவாங்கும். அங்கே காற்றடிக்கும் பம்புகள் 'பார்' கணக்கில் காட்டும். 30 பிஎஸ்ஐ ஏறத்தாழ 2.1 பார். இந்த மாற்றுக் கணக்கைக் கட்டாயம் சேருங்கள்.

இவை இரண்டையும் 'சரளை' என்று எழுதிவிட்டால் வாசகர் என்ன செய்வார்?

ம. எழுதியது:

அப்படியானால் மோர்வானுக்குப் 'பருமணல் தடம்', கோஸுக்குச் 'சுண்ணாம்புக்கல் தடம்'. தெற்குக் காடுகளில் தீயணைப்பு வண்டிக்காகப் போட்ட பாதைக்குத் 'தீத்தடம்' எழுதியிருந்தேன். படிக்கும்போது தடமே எரிவது போலிருக்கிறது. 'தீயணைப்புப் பாதை' என்று மாற்றுகிறேன். கோடையில் தீ அபாயம் கூடினால் அங்கே காட்டுக்குள் நுழையத் தடை வரலாம், அந்த எச்சரிக்கையும் சேர்கிறது. மாட்டிக்கொண்டிருப்பது 'திராய்'. கோடையில் ஆட்டு மந்தைகளைச் சமவெளியிலிருந்து செவேன் மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன பழம்பாதை.

க. எழுதியது:

இட்டேரி! கொங்கு நாட்டில் பிறந்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆடுமாடு போகும் வழி.

பு. எழுதியது:

இட்டேரிக்கு இருபுறமும் வேலி இருக்க வேண்டாமா? திராய் திறந்த மலைமுதுகில் போகிறது என்கிறார்கள். 'அதர்' என்பதே தகும்.

க. எழுதியது:

சில இடங்களில் இருபுறமும் கல்கட்டு உண்டு ஐயா. அதர் என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைத்து 'அதிர்' என்று திருத்திவிடுவார்கள். ஓட்டிப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

வெ. எழுதியது:

'மந்தைப் பாதை' என்று போடுங்கள், விளங்கும். கூடவே ஒரு வரி: திராய் பல இடங்களில் கிராவல் சைக்கிளுக்கு ஆகாது. மந்தை நேர்க்கோட்டில் ஏறும், வளைந்து ஏறாது. கல் தலையளவு இருக்கும். ஐ.ஜி.என். (பிரான்சின் அரசு நிலவரைபட நிறுவனம்) 1:25,000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது 250 மீ. மலைப்பகுதித் தாளில் சமவுயரக் கோடுகள் 10 மீ. இடைவெளி. தடம் 1 செ.மீ. போவதற்குள் நான்கு கோடுகளை வெட்டினால் 16 சதவீதம். உதிர்கல்லில் அந்த ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் எடை குறைந்து வெறுமனே சுழலும். உட்கார்ந்தே மிதிக்க வேண்டும், அதற்குக் கியர் வேண்டும். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு 2.1 மீ. நகரும், சுமையோடு முட்டி போய்விடும். முன்னால் 32, பின்னால் 46 என்றால் 1.5 மீ. இதுதான் செவேனுக்கு.

ம. கேட்டது: சதவீதத்துக்கு முன் என்ன சொல், சரிவு விகிதமா, சாய்வு விகிதமா?

கொத்தனார் சொல்லும் 'வாட்டம்' இருக்கிறதே. தரைக்கு வாட்டம் விடுவது போல, பாதைக்கு வாட்டம் 16 சதவீதம்.

சீ. எழுதியது:

வாட்டம் எண்டால் எங்களுக்கு முகம் வாடுறது. ஏற்றம் எண்டு எழுதுங்கோ, முடிஞ்சுது.

பு. எழுதியது:

டியூப்லெஸ் என்பதை அப்படியே விடுவதா? 'குழலிலி'?

வெ. எழுதியது:

பஞ்சர் கடைப் பலகையிலேயே 'டியூப்லெஸ்' என்று தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது ஐயா. விட்டுவிடலாம். உள்ளே ஊற்றும் திரவத்துக்குத்தான் சொல் வேண்டும். பெரும்பாலும் ரப்பர் பால் கலந்தது, ஆகவே 'அடைபால்' பொருந்தும். 45 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மி.லி.; வெயிலில் மூன்று மாதத்தில் உலர்ந்து தோலாகிவிடும், குலுக்கிப் பார்த்துச் சத்தம் வராவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். முள் குத்தியதை அடைக்கும். ஷாம்பேன் பக்கத்துச் சக்கிமுக்கிக்கல் வெட்டினால் அடைக்காது, ரப்பர்த் திரி செருக வேண்டும். 2024 தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், அந்தப் பக்கத்துத் திருவா நகரைச் சுற்றிய 9ஆம் கட்டத்தில் வெள்ளைச் சரளைப் பாதைகள் மட்டும் 32 கி.மீ. வந்தன.

அடைபாலுக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

க. எழுதியது:

ஆட்சேபம் இல்லை. முதல் நல்ல சொல்.

ம. எழுதியது:

நாளை மாலை கோப்பு போக வேண்டும். அட்டையிலும் தலைப்புகளிலும் 'சரளைச் சைக்கிள்'. முதல் பக்கத்தில் ஒருமுறை 'கிராவல் சைக்கிள் என்றும் சொல்வர்'. நிலத்துக்கு வெ. சொன்னபடி தனித்தனிப் பெயர்கள். மந்தைப் பாதை, ஏற்றம், டியூப்லெஸ், அடைபால். இதோடு இழையை முடித்துக்கொள்வோம்.

பு. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. அருஞ்சொல் பட்டியலிலாவது முரம்பு இடம்பெறட்டும். 'சைக்கிள்' என்பதை மிதிவண்டியாக்கவும் யாரும் பேசவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சீ. எழுதியது:

ஒரு கடைசி விஷயம். கோஸில ஓடை இல்லை, மழைத்தண்ணி எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கிடும். கல் பாவின குளங்கள் இருக்கு, லவோன் எண்டு சொல்லுவினம், அது செம்மறிக்குத்தான். கீழே இறங்கிறதுக்கு முதல், ஆளுக்கு மூண்டு லீற்றர் தண்ணி வேணும். ஊருக்குள்ள சேமக்காலைக் (கல்லறைத் தோட்டக்) குழாயில பிடிக்கலாம், ஆனால் பக்கத்தில பலகை இருந்தால் வாசிக்க வேணும். அந்தப் பலகைக்கு 14ஆம் பக்கத்தில 'குடிநீர் அல்ல' எண்டு போட்டிருக்கு.

பு. எழுதியது:

'அன்று'. ஒன்றன்பால்.

க. எழுதியது:

நீருக்குப் பன்மை கொள்ளலாமே ஐயா?