ரோமச் சேவகர் தலைக்கவசம் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது, எப்படி நேராக்கிறது?

முள்ளியவளைத் தம்பி:

வணக்கம். பெரிய வெள்ளிக்குப் போடுற பாடுகளின் நாடகத்துக்கு பைபர்கிளாஸில செய்த ரோமத் தலைக்கவசம் ஒண்டு இருக்கு. கூடு 2 மி.மீ. தடிப்பு, பெயின்ற் இன்னும் அடிக்கேல்லை. குறை மூண்டு. முன்னால நிண்டு பாக்க நெற்றிப்பட்டி இடப்பக்கம் 5 மி.மீ. உயர்ந்து தெரியுது. கொண்டை, அதாவது கவசத்தின்ர உச்சியில நிக்கிற தும்பு வரிசை, முன்னுக்கு நடுவில தொடங்கி, பின்னுக்கு 6 மி.மீ. வலப்பக்கம் விலகிப் போகுது. வலது கன்னத் தகடு தாடையோட படியாமல் வெளிய விரிஞ்சு கிடக்கு. தகடு ரெண்டும் சின்னப் பிணைச்சலில, 3.2 மி.மீ. பொப் ரிவிற் அடிச்சுப் பூட்டினது. கொண்டை ரெண்டு 4 மி.மீ. போல்ற்றில நிக்குது. உள்ளுக்கு ரெஜிபோம் துண்டு ஒட்டியிருக்கு. கூட்டை வெட்டி ஒட்டுறதோ, பூட்டின சாமானை மாத்துறதோ?

வவுனியா ஒப்பனை:

தம்பி, வெட்டுறதுக்கு முதல் எது கோணல் எண்டு பிரிச்சுப் பாருங்கோ. கூடே கோணலா, அதில பூட்டினது கோணலா, இல்லாட்டி நேரான கவசம் தலையில சரிஞ்சு இருக்குதா? பாக்கிறவைக்கு மூண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வைத்தியம் வேற வேற.

கவசத்தை மேசையில வைச்சு விளிம்பிலயிருந்து அளக்காதேங்கோ. விளிம்பு அச்சால எடுத்தாப்பிறகு கையால வெட்டுறது, கோணல் முதல் வாறது அங்கதான். காதுக்கு மேல இருக்கிற வளைஞ்ச மேடு அச்சிலயே விழுந்தது, அதை நம்பலாம். ரெண்டு மேட்டின்ர உச்சியிலயும் பென்சிலால புள்ளி வையுங்கோ. ஒரு புள்ளியிலயிருந்து மற்றதுக்கு நூலை உச்சந்தலையால இழுத்து, அந்த நீளத்தை ரெண்டா மடிச்சால் நடு வரும். அதே மாதிரி நெற்றியாலயும் பிடரியாலயும் இழுத்து இன்னும் ரெண்டு நடுப்புள்ளி எடுங்கோ. மூண்டையும் சேத்து மாஸ்கிங் ரேப் ஒட்டினால் அதுதான் நடுக்கோடு. இனி எதை அளந்தாலும் அந்தக் கோட்டிலயிருந்து.

பிறகு ரெஜிபோமைக் கழட்டுங்கோ. அது ஒருக்கா அமுங்கினால் திரும்பி எழும்பாது. ஒரு பக்கம் அமுங்கினாலே நெற்றிப்பட்டி சரிஞ்சு தெரியும். செருப்பு அடிக்குப் பாவிக்கிற ரப்பர் சீற்றில 10 மி.மீ. தடிப்பாப் பாத்து நெற்றி, பிடரி, ரெண்டு பக்கம் எண்டு நாலு துண்டு வையுங்கோ, பக்கத் துண்டு ரெண்டும் ஒரே அளவு. முதல் ரேப்பால மட்டும் ஒட்டி, நடிக்கிற பிள்ளையின்ர தலையிலயே போட்டுப் பாருங்கோ. மேசன்மார் பாவிக்கிற தண்ணிக் குழாயை நெற்றிப்பட்டியின்ர ரெண்டு நுனியிலயும் பிடிச்சால் உண்மையான சரிவு தெரியும். போனில படம் எடுத்துப் பாக்கிறதெண்டால் 3 மீற்றர் தள்ளி நிண்டு, கண் உயரத்தில, ஸூம் பண்ணி எடுங்கோ. கிட்ட நிண்டு எடுத்தால் லென்ஸே கோணலாக் காட்டும்.

முல்லைத்தீவு படகு வேலை:

கன்னத் தகட்டைப் பற்றி. ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சு நிக்குதெண்டால் பெரும்பாலும் அந்தத் துண்டை முழுசா இறுக முதல், பச்சையா அச்சால எடுத்திருப்பினம். பிணைச்சலை நோண்டி அது சரிவராது. ரிவிற்றின்ர தலையை 3.5 மி.மீ. பிற் போட்டு மெல்லமாக் கடைஞ்சு தகட்டைத் தனியாக் கழட்டுங்கோ. சாதாரண பொலியெஸ்டர் ரெசின் 60–70 பாகைக்கு மேல கொஞ்சம் இளகும். கொதிச்சு இறக்கின தண்ணியில சில நிமிஷம் அமிழ்த்தி வைச்சு, கையுறையோட எடுத்து, இடது தகட்டின்ர வளைவைப் பாத்து வெட்டின பலகையில வைச்சு கிளாம்ப் போடுங்கோ. கொஞ்சம் திரும்பி நிமிரும், அதால தேவையான வளைவை விட ஒரு 3 மி.மீ. கூட வளையுங்கோ. நல்லா ஆறும் வரைக்கும் கழட்டக் கூடாது. நல்ல காலம், பெயின்ற் அடிக்கேல்லை. அடிச்சிருந்தால் சுடுதண்ணியில கொப்பளிச்சிருக்கும்.

அப்பவும் நிமிர்ந்தால் உள்பக்கத்தில, வளைய வேண்டிய இடத்தில வாளால ரெண்டு மூண்டு கீறல் போடுங்கோ, தடிப்பின்ர பாதிக்கு மேல போகாமல். வளைச்சுப் பிடிச்சுக்கொண்டு உள்ளால பைபர் மாற் (சதுர மீற்றருக்கு 300 கிராம் வாற சாதி) ரெண்டு படை வையுங்கோ. 30 கிராம் ரெசின் காணும், அதை இறுக வைக்கிற ஹாட்னர் 0.3 மி.லீ., ஊசிச் சிரிஞ்சால அளவுங்கோ. எங்கட வெயிலுக்கு 100 கிராமுக்கு 1 மி.லீ.யே போதும். அதுக்குக் கீழ குறைச்சால் நாள் போனாலும் பிசுபிசுப்பாவே கிடக்கும். கூட்டினால் சூடேறி வெடிக்கும், சுருங்கி தகட்டை வேற பக்கம் இழுக்கும். ரெசின் இறுக முதல் வேலை முடிக்க நேரம் காணாதெண்டால் ஹாட்னரைக் குறைக்காமல் விடிய வெள்ளன நிழலில வேலை செய்யுங்கோ. ஹாட்னர் கண்ணில பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதேங்கோ. ரெஜிபோம் கிட்டவும் ரெசின் கொண்டு போகாதேங்கோ, கரைஞ்சு போகும்.

வவுனியா ஒப்பனை:

படகு அண்ணை சொன்னதோட ஒண்டு. தகட்டைத் திரும்பப் பூட்டேக்க உயரமும் ஒருக்காப் பாருங்கோ. 2 மி.மீ. வரை வித்தியாசமெண்டால் பிணைச்சலில உள்ள துளையை ஊசி அரத்தால நீட்டி, வோஷர் வைச்சு ரிவிற் அடிக்கலாம்.

முல்லைத்தீவு படகு வேலை:

பிணைச்சல் தகரத்தில நீட்டினால் பரவாயில்லை, பைபர் கூட்டில மட்டும் நீட்டாதேங்கோ. நாலு தரம் திறந்து மூட அந்த இடம் பிரிஞ்சு வாயைத் திறக்கும். கூட்டில இடம் மாத்துறதெண்டால் பழைய துளையை ரெசினோட வெட்டின பைபர் நார் கலந்து அடைச்சு, இறுகினாப்பிறகு புதுசாத் துளையுங்கோ.

முள்ளியவளைத் தம்பி:

நன்றி அண்ணை. பக்கத் துண்டு மாத்தினவுடன நெற்றிப்பட்டி வித்தியாசம் 2 மி.மீ.க்கு வந்திட்டுது. தகடும் சுடுதண்ணியில படிஞ்சுது, கீறல் தேவைப்படேல்லை. இனிக் கொண்டை. இது நூற்றுவர் தலைவர் போடுற கவசம், சொல்ல மறந்திட்டன்.

வவுனியா ஒப்பனை:

அப்பிடியெண்டால் அந்த 6 மி.மீ.யை விடுங்கோ. நூற்றுவர் தலைவருக்குக் கொண்டை காதிலயிருந்து காதுக்குக் குறுக்காப் போகும். ஒஸ்திரியாவில கார்னுந்தும் பகுதியில கிடைச்ச ஒரு நூற்றுவர் தலைவரின் கல்லறைக் கல்லிலயும் அப்பிடித்தான் செதுக்கியிருக்கு. சனம் தூரத்தில இருந்தே அவரை அடையாளம் காணும்.

உச்சந்தலை நடுப்புள்ளியிலயிருந்து ரெண்டு பக்கமும் 40 மி.மீ. அளந்து, காது மேட்டுப் புள்ளிகளுக்கு இழுத்த நூலின்ர வழியில புதுத் துளை போடுங்கோ. பழைய துளையை அடையுங்கோ. போல்ற்றுக்கு உள்பக்கம் பெரிய வோஷர் கட்டாயம், நட்டின்ர மேல ரப்பர் துண்டு ஒட்டுங்கோ, தலையில குத்தாது. முழுசா இறுக்க முதல் கொண்டையின்ர ரெண்டு நுனியிலயிருந்தும் காது மேட்டுப் புள்ளிக்கு அளவெடுங்கோ, ரெண்டும் ஒண்டா வர வேணும். பிறகுதான் பனந்தும்பு கட்டுங்கோ. தும்பைக் கட்டி முடிச்சு, கவசத்தைத் தலையில போட்டாப்பிறகு நுனியைக் கத்தரியுங்கோ. முதல் கத்தரிச்சால் நேரான கொண்டையும் கோணலாத் தெரியும்.

நெற்றிப்பட்டியின்ர 2 மி.மீ.யைத் தொடாதேங்கோ, மேடைக்கு முன்னால இருக்கிற சனத்துக்கு அது தெரியாது. பித்தளை நிறம் அடிக்க முதல் 180, பிறகு 320 சாண்ட்பேப்பரைத் தண்ணி போட்டுத் தேயுங்கோ, மூக்கை மூடிக்கொண்டு. சாம்பல் பிரைமர் அடிச்சு, பக்கவாட்டா ரோச் வெளிச்சம் பிடிச்சால் மிச்சமிருக்கிற மேடு பள்ளம் தெரியும். அதை பிரைமரிலயே சரிக்கட்டுங்கோ, மினுக்க நிறம் அடிச்சால் எல்லாம் கூடித்தான் தெரியும்.