‘டிஸ்டிங்குவிஷ்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். சனிக்கிழமை மாலையில், பாராலீகல் (வழக்கறிஞரின் உதவியாளர்) படிப்பில் சேர்ந்திருக்கும் நான்கைந்து பிள்ளைகளுக்குத் தீர்ப்பு தேடுவதும் ஆய்வுக் குறிப்பு எழுதுவதும் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில், நீதிமன்றத் தாக்கல் பெரும்பாலும் மலாயில், எங்கள் பேச்சு தமிழில். எல்லாரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். தமிழில் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் எந்த மொழியிலும் எழுதிவிடுவார்கள். நமக்கு எதிரான ஒரு முன்தீர்ப்பைத் தவறு என்று சொல்லாமல், அது நம் வழக்கைக் கட்டாது என்று காட்டுவதை ஆங்கிலத்தில் டிஸ்டிங்குவிஷ் என்பார்கள். இந்த ஒரு சொல்தான் பிடிபடவில்லை.

போன வாரம் நான் கொடுத்த பயிற்சி இது. ‘இது 2005ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்சிக்காரரின் நிலத்தை எவனோ கள்ளக் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டான். வாங்கியவர் சந்தை விலையில் பாதிதான் கொடுத்தார், யார் எவர் என்று விசாரிக்கவும் இல்லை. நிலத்தை மீட்க முடியுமா?’

நிலச் சட்டம் படித்தவர்களுக்கு உடனே அடோர்னா வழக்கு நினைவுக்கு வரும். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் உள்ள நிலம். சொந்தக்காரி மாதிரி நடித்து இன்னொருத்தி விற்றுவிட்டாள். வாங்கிய அடோர்னா நிறுவனம் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கியது, ஆகவே தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவு அதைக் காக்கிறது என்று 2000ஆம் ஆண்டில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உண்மையான சொந்தக்காரிக்கு நிலம் இல்லை. நாடு முழுக்க முணுமுணுப்பு. 2010 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்த விளக்கம் தவறு என்று தள்ளியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கீழே இருந்த நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டிப்போட்டிருந்தது. பயிற்சியில் 2005 என்று போட்டதே அதற்காகத்தான்.

ஒரு பெண் எழுதினாள்: ‘அடோர்னா தீர்ப்பு தவறானது, எனவே பின்பற்றத் தேவையில்லை.’ உயர் நீதிமன்ற நீதிபதியிடம் போய் மேலே உள்ளவர்கள் தப்பு என்று சொல்வது வாதம் ஆகாது. ஒரு பையன் அடோர்னாவைக் குறிப்பிடவே இல்லை. கேட்டால், ‘நமக்கு எதிரா இருக்குதே அக்கா’ என்கிறான். எதிரான தீர்ப்பை ஒளித்துவைத்து லாயரை நீதிபதி முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தனியாக அரைமணி நேரம் பாடம் நடந்தது. மூன்றாவது ஆள் தலைக்குறிப்பை (தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கத்தை) மட்டும் படித்துவிட்டு, அதையே அழகாகக் காப்பி எடுத்து வைத்திருந்தான். அவனை விடுங்கள்.

நான் எதிர்பார்த்தது வேறு. அடோர்னாவை மதித்து முழுசாகச் சொல்ல வேண்டும். பிறகு, அங்கே வாங்கியவர் நல்லெண்ணத்தில் வாங்கியவர், தீர்ப்பே அந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது, இங்கே அது இல்லை, ஆகவே அந்தத் தீர்ப்பு இந்த வழக்கைக் கட்டாது என்று காட்ட வேண்டும். இதைத்தான் டிஸ்டிங்குவிஷ் செய்வது என்கிறோம்.

‘வேறுபடுத்துதல்’ என்று சொல்லிப் பார்த்தேன். மலாயிலும் அதே பொருளில் மெம்பெசாக்கான் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் பிள்ளைகள், ‘எதை எதிலிருந்து?’ என்று விழிக்கிறார்கள். ‘விதிவிலக்கு’ என்றான் ஒருவன். அது சுத்தத் தவறு. விதிவிலக்கு என்றால் விதி எட்டிய இடத்தில் விட்டுக்கொடுப்பது. இங்கே விதி எட்டவே இல்லை.

நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

—

பினாங்கிலிருந்து:

அன்புள்ள அம்மா,

நான் சட்டம் படித்தவனல்ல, பழைய தமிழாசிரியன். லெபோ லைட்டில் உயர் நீதிமன்றத்தைத் தாண்டிப் போகும்போது லோகன் நினைவுச் சின்னத்தைப் பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. போக வேண்டியும் வரவில்லை, முருகன் புண்ணியம். தஞ்சோங் பூங்காவில் இப்படி ஒரு வழக்கு நடந்தது உங்கள் மடலைப் படித்துத்தான் தெரியும். (பூங்கா என்று எழுதுகிறோமே தவிர அது மலாய்ச் சொல், பூ என்ற பொருள். தோட்டத்தைத் தேடி யாரும் போக வேண்டாம்.)

உங்கள் கேள்வியோடு நன்னூலைப் புரட்டினேன். அதில் எழுவகை மதம் உண்டு (மதம் என்றால் இங்கே கொள்கை). பிறர் கொள்கையை ஏற்றால் உடன்படல், ஏற்காவிட்டால் மறுத்தல். பிறர் கருத்தை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு களைவதற்கும் ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் கேட்பது இந்த மூன்றிலும் அடங்கவில்லை. உங்கள் வக்கீல் எதையும் களையவில்லையே! ‘நீ சொன்னது சரி, ஆனால் என் வீட்டுக்கு அல்ல’ என்கிறார். ஆகவே ‘வேற்றுமை காட்டல்’ என்று வைக்கலாமா? இரண்டு வழக்கின் வேற்றுமையைக் காட்டுவது.

—

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

ஐயா, நன்றி. உடன்படலும் மறுத்தலும் அப்படியே பலகையில் ஏறிவிட்டன. பிள்ளைகளுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

‘வேற்றுமை காட்டல்’ பற்றி ஒரு தயக்கம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேற்றுமை என்றால் ஐ, ஆல், கு தான். நான் சொன்னதும் ஒருத்தி, ‘எத்தனையாம் வேற்றுமை அக்கா?’ என்றாள். அதுகூடப் பரவாயில்லை. எந்த இரண்டு வழக்கை எடுத்தாலும் நூறு வேற்றுமை இருக்கும். அங்கே பினாங்கு, இங்கே கிள்ளான். அங்கே வாங்கியது நிறுவனம், இங்கே தனியாள். இதையெல்லாம் காட்டி ஒரு பக்கம் நிரப்பலாம், பயன் இல்லை. தீர்ப்பு எந்த உண்மையின் மேல் நிற்கிறதோ அதில் வேறுபட வேண்டும்.

இதற்கு நடுவில் அலுவலகத்தில் ஒன்று நடந்தது. ஓர் அம்மா பத்திரிகைத் துண்டு ஒன்றை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். ‘இதே மாதிரி கேஸுல இவங்க ஜெயிச்சிருக்காங்களே, நமக்கு ஏன் ஆகாதுங்கிறீங்க?’ ஆலோசனை சொல்வது லாயர் வேலை, கிராணி வாய் திறக்கக்கூடாது. லாயர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அப்போது வாயில் தானாக வந்தது: ‘அந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்புதாம்மா. நம்ம கேஸுக்குத்தான் பொருத்தம் இல்லை.’

அம்மா உடனே தலையாட்டினார். மாப்பிள்ளை நல்லவன், பெண்ணும் நல்லவள், ஜாதகம் பொருந்தவில்லை என்றால் யார் மேலும் குற்றமில்லை அல்லவா? முன்தீர்ப்பைக் குறை சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும் அந்த மரியாதை முழுக்க அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘பொருந்தாமை காட்டல்’. சட்டத்தை உண்மைகளுக்குப் பொருத்திப் பார்ப்பது குறிப்பு எழுதும்போது எப்படியும் செய்கிற வேலை, அதோடு இது ஒட்டிக்கொள்கிறது. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘வாங்கியவரின் நல்லெண்ணம் இங்கு ஐயத்துக்குரியது என்பதால் அடோர்னாவுக்குப் பொருந்தாமை காட்டலாம்.’ கொஞ்சம் நீளம்தான். பேச்சில் பிள்ளைகள் ‘பொருந்தாமை’ என்றே சுருக்கிவிட்டார்கள்.

மேல்நீதிமன்றம் அதே வழக்கின் தீர்ப்பை மாற்றுவதற்கும், பிறிதொரு வழக்கில் பழைய தீர்ப்பைத் தள்ளுவதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இப்போது இரண்டுக்கும் ‘ரத்து’ என்று எழுதிக் குழப்புகிறார்கள். அதை வேறு இழையில் தொடங்குகிறேன்.

—

பினாங்கிலிருந்து:

அம்மா, என் வேற்றுமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘பொருந்தாமை காட்டல்’ இருக்கட்டும்.

ஒன்று மட்டும். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தும் ரஜ்ஜு இல்லையென்றால் எங்கள் பக்கத்து ஜோதிடர் ஜாதகத்தை மடித்துக் கொடுத்துவிடுவார். நீங்கள் சொன்ன, தீர்ப்பு நிற்கிற அந்த உண்மை, அதற்குச் சட்டத்தில் பெயர் உண்டா? இல்லாவிட்டால் அதையும் இந்த இழையிலேயே பார்த்துவிடலாம்.

—

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

உண்டு ஐயா. ‘மெட்டீரியல் ஃபேக்ட்’ என்பார்கள். சனிக்கிழமை வகுப்பில் ரஜ்ஜு என்றே சொல்லிப் பார்க்கிறேன். தேர்வுத்தாளில் எழுதிவிடாமல் இருந்தால் சரி.