கரட் வளைவுக் குடும்பம்: வாட்ஸ்அப் குழு

ராணி அத்தை: எல்லாரும் ஒரு தரம் பாருங்கள். காலையில் ரோட்டை அளக்க ஆட்கள் வந்தார்கள். அப்பா கடை முன்னால் கட்டிய பெரிய சீமெந்துக் கரட் ரோட்டு எல்லைக்குள் நாலு அடி வந்து நிற்கிறதாம். நுவரெலியா ஏப்ரல் சீசனுக்கு முன்னால் எடுக்க வேண்டுமாம்.

தேவா அண்ணன்: எடுக்கிறதென்றால்?

ராணி அத்தை: உடைக்க வேண்டும். இல்லையென்றால் நகர்த்த வேண்டும்.

சித்தப்பா: உடைக்கிற பேச்சே வேண்டாம்

பிரியா (மெல்பேர்ன்): அத்தை, படம் போடுங்கள்

ராணி அத்தை: (படம்)

குமார்: நிறம் போய்விட்டதே. இலைக்கு அடியில் கம்பி வலை வெளியே தெரிகிறது

ராணி அத்தை: மழைதான். மேட்டுப் பக்கம் முழுக்கப் பாசி. தேய்த்துப் பார்த்தேன், மறுபடி வந்துவிட்டது.

செல்வம் மாமா: நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். அது பன்னிரண்டு அடி உயரம். உள்ளே வெறும் கோழிக்கூட்டு வலை, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சீமெந்து. பாரமெல்லாம் அடியில் போட்ட கொங்கிரீட்டில்தான். இலைகள் பி.வி.சி. குழாய். ராணியின் அப்பா அதை நெருப்பில் வாட்டி வாட்டி வளைத்தார், பக்கத்தில் இருந்து பிடித்தவன் நான். ஆகவே அடியை மட்டும் அறுத்து, கயிறு கட்டி, படுக்க வைத்துத் தூக்கலாம். ஆனால் நேர் பின்னால் தள்ள முடியாது. பின்னால் தண்ணீர் ஓடுகிற கான், அதற்குப் பின்னால் மண்மேடு. மேட்டை வெட்டினால் மே மாத மழைக்கு மேலே இருக்கிற லீக்ஸ் பாத்தியோடு சேர்ந்து ரோட்டுக்கு வந்துவிடும். மதகுப் பக்கம் சமதரை இருக்கிறது. அங்கேதான் வைக்க வேண்டும்.

பெரியப்பா: மதகுப் பக்கம் யாருடைய பங்கு என்று மச்சானுக்குத் தெரியும்தானே

செல்வம் மாமா: தெரியும் மச்சான். அதனால்தான் கேட்கிறேன்.

பெரியப்பா: கேட்கவில்லை. வைக்க வேண்டும் என்றீர்கள்.

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டார்கள்

மல்லிகா சித்தி (கொழும்பு): ராணி, லீக்ஸ் இரண்டு கிலோ, போஞ்சி ஒரு கிலோ பஸ்ஸில் போட்டு விடுவீர்களா? இங்கே விலை கேட்கவே முடியவில்லை

பிரியா (மெல்பேர்ன்): பெரியப்பா, ஒன்று சொல்லட்டுமா? இங்கே ஆஸ்திரேலியாவில் கொஃப்ஸ் ஹாபர் ஊரில் ரோட்டோரம் ஒரு பெரிய வாழைப்பழம் நிற்கிறது. வாழைப்பழக் கடைக்காரர் ஒருவர் போகிற வண்டிகளை நிறுத்த 1964இல் கட்டியது. இன்றைக்கும் ஆட்கள் அதைப் பார்க்கவே போகிறார்கள். அதன் முன்னால் நின்றபோது எனக்குத் தாத்தா நினைவுதான். தயவுசெய்து உடைக்க விடாதீர்கள்.

பெரியப்பா: உடைக்க நான் சொன்னேனா?

தேவா அண்ணன்: றம்பொடை ஏறிப் பனிக்குள் வரும்போது முதலில் கண்ணில் படுவது அந்த ஆரஞ்சுதான். கம்பளைப் பக்கத்து டிரைவர்மார் எல்லாருக்கும் அது கரட் வளைவு. சிங்கள டிரைவர்மாரும் 'கரட் வங்குவ' என்றுதான் சொல்கிறார்கள். நிறுத்துவதும் அங்கேதான்.

ராணி அத்தை: 2021இல் உரம் இல்லாமல் கரட் விரல் அளவுக்குத்தான் வந்தது. அப்போதும் அப்பா கடையைப் பூட்டவில்லை. அடுத்த வருடம் பெட்ரோல் இல்லாமல் ஒரு வேன்கூட ஏறவில்லை, அவர் ஏணி வைத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். யாருக்கு அப்பா என்று கேட்டேன். வருவார்கள் என்றார்.

குமார்: 🙏

பெரியப்பா: சீமெந்து பாதி என் காசு. போர்டில் என் பெயர் இல்லை.

சித்தப்பா: அண்ணே, அது பழைய கதை

பெரியப்பா: இல்லைதானே?

ராணி அத்தை: இந்த முறை போடுகிறோம் அண்ணே. அப்பா பெயருக்குக் கீழே.

மல்லிகா சித்தி (கொழும்பு): மூன்று பிள்ளைகள் பெயரும் போடுங்கள்

பெரியப்பா: சரி. மதகில் தண்ணீர் போக வழி விடுங்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற பாதையை அடைக்கக் கூடாது.

செல்வம் மாமா: அடைக்கவே மாட்டோம் மச்சான். நாளைக்குக் கயிறு பிடித்து அளந்து இங்கேயே போடுகிறேன்.

குமார்: ஞாயிறு வைத்துக்கொள்வோமா?

தேவா அண்ணன்: ஞாயிறு எனக்கு எல்லவுக்கு ஹயர். சனி?

சித்தப்பா: சனி கோயில் பூசை

செல்வம் மாமா: மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் ஒன்று வேண்டும். அவர்கள் மணிக்கணக்கில் வாங்குவார்கள், வந்து போகிற நேரமும் சேர்த்து. நாம் இரண்டு அலவாங்கோடு முதல் நாளே அடியைத் தோண்டி வைத்தால் செலவு பாதியாகும். ஆள் எத்தனை பேர் வருவீர்கள்?

மல்லிகா சித்தி (கொழும்பு): லீக்ஸ்?

ராணி அத்தை: காலை முதல் பஸ்ஸில் போடுகிறேன். கண்டக்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம், நான் கொடுக்கிறேன்.

பெரியப்பா: பெக்கோக் காசை மூன்றாகப் பிரியுங்கள். பெயின்ட் நான் வாங்குகிறேன். பழைய ஆரஞ்சுதான், வேறு நிறம் கேட்காதீர்கள்.

பிரியா (மெல்பேர்ன்): நானும் கொஞ்சம் அனுப்புகிறேன் பெரியப்பா ❤️

சித்தப்பா: மூன்றாகவா, நான்காகவா?

தேவா அண்ணன்: முதலில் நாளைச் சொல்லுங்கள்