பஃபர் ஸ்பேஸ்: தாங்கல் பகுதியா, காப்பிடைவெளியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நெடுஞ்சாலைச் சீரமைப்புக் காலப் பாதுகாப்புக்கான சொற்பட்டியலில் ‘பஃபர் ஸ்பேஸ்’ என்பதற்குத் ‘தாங்கல் பகுதி’ பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

போக்குவரத்தை நிறுத்தாமல் ஒரு தடத்தை மட்டும் அடைத்துப் பழைய தார்ப்பரப்பைச் சுரண்டிப் புதிதாக இடும்போது, வண்டிகள் முதலில் எச்சரிக்கைப் பலகைகளைக் கடந்து, சாய்வாக நிறுத்தப்பட்ட கூம்புகளின் வழியே பக்கத்துத் தடத்துக்கு மாறுகின்றன. அந்தச் சாய்வு முடியும் இடத்துக்கும் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே வேண்டுமென்றே காலியாக விடப்படும் நீளமே பஃபர் ஸ்பேஸ். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க 2.5 நொடி ஆகும் என்று சாலைப் பொறியியலில் கொள்வதால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே அது ஏறத்தாழ 55 மீட்டர் உள்ளே வந்துவிடும். தடம் மாறத் தவறிய வண்டிக்கும் அதன் எதிரே குனிந்து வேலை செய்பவருக்கும் அந்த வெற்றுத் தரையே கடைசிப் பாதுகாப்பு. அங்கே ஆளோ, ஜல்லிக் குவியலோ, ரோலரோ இருக்கக் கூடாது. ஆனால் பொருள்களைக் கொட்டி வைக்க வசதியான இடமாக அதைக் கருதும் வழக்கத்தை நான் பல பணியிடங்களில் கண்டிருக்கிறேன்.

எனவே இங்கு வேண்டிய சொல், காலியாக இருக்க வேண்டும் என்பதைத் தானே சொல்ல வேண்டும். ‘தாங்கல்’ வேதியியலில் ‘பஃபர் சொல்யூஷன்’ எனப்படும் தாங்கல் கரைசலுக்குப் பொருந்தும். அங்கே கரைசல் அமிலத்தன்மையின் மாற்றத்தைத் தாங்குகிறது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்களிலோ அது நீர் தேங்கும் ஏரியைக் குறிக்கும். கணினித் துறையில் பஃபருக்கு வழங்கும் ‘இடையகம்’ அதைவிடவும் பொருந்தாது. தரவைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு ஏற்பட்ட பெயரை, எதையும் வைக்கக் கூடாத இடத்துக்கு எப்படிச் சூட்டுவது?

நான் முதலில் ‘காப்புவெளி’ என்று எண்ணினேன். ஆனால் ‘வெளி’ என்பதைப் புறம் என்று கொண்டு, பாதுகாப்புக்கு வெளியே உள்ள பகுதி எனத் தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. ‘காப்பிடைவெளி’ என்றால் அந்த மயக்கம் இல்லை. இடைவெளி விடுவது என்பதை ஓட்டுநரும் அறிவார், மேஸ்திரியும் அறிவார். 2020இல் ‘சமூக இடைவெளி’ வழியாக, பாதுகாப்புக்காக விடும் தூரம் என்ற பொருளும் அச்சொல்லில் நன்றாகப் பதிந்துவிட்டது. கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன: சாலையின் போக்கில் விடுவது நெடுக்குக் காப்பிடைவெளி, ஓடும் தடத்துக்கும் வேலையிடத்துக்கும் நடுவே பக்கவாட்டில் விடுவது குறுக்குக் காப்பிடைவெளி.

கூம்புகள் சாய்வாக நிற்கும் பகுதியான ‘டேப்பர்’ என்பதற்கு ‘ஒடுங்குதடம்’ என்று வைக்கலாமா? பணி முடிந்து தடம் மீண்டும் விரியும் முனையிலும் டேப்பர் உண்டு என்பதால் எனக்கு அதில் முழு நிறைவில்லை. இரண்டு முனைகளுக்கும் பொருந்தும் சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.